அதிரசம் பிரிஞ்சு போனப்ப யார் பதில் சொன்னாங்க?

ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு என் கடைக்குட்டித் தங்கச்சி போன் பண்ணினா. சென்னையில, வேளச்சேரிப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போறவ. அந்த நேரத்துல அவ பேரு போன்ல வந்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும். பதறிப்போய் எடுத்தா, "அக்கா, நாலு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம்"னா. என்னடின்னு கேட்டேன். அன்னைக்கு அவ ஆப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்த நேரமாம். போனே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கு.

"எல்லாத்தையும் தூக்கிடலாம்னு இருக்கேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் வெச்சுக்கலாம்னா எதை வெச்சுக்கிறது? நீதான் பதினெட்டு வருஷமா இதுல குடியிருக்கே, நீயே சொல்லு."

அன்னைக்கு அவகிட்ட ஒரு மணி நேரம் பேசினதைத்தான் இங்க வரிசைப்படுத்தித் தர்றேன். படிக்கிற நீயும் எனக்குத் தங்கச்சிதான். அதனால நீங்க, வாங்க எல்லாம் கிடையாது.

1. எந்தத் தளமும் சொந்த வீடு இல்ல

முதல்ல ஒரு பழைய கதை. 2007. திருச்சியில காலேஜ் படிச்சிட்டிருந்தேன். ஹாஸ்டலுக்குப் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்குப் பதினஞ்சு ரூபா, பிளைவுட் தடுப்பு, 'எஃப்' எழுத்து தேய்ஞ்சு போன கீபோர்டு. அங்கதான் எனக்கு ஆர்குட் அறிமுகம். 2004 ஜனவரியில கூகுள் ஆரம்பிச்ச தளம் அது. அதை உருவாக்கின துருக்கி இன்ஜினீயரோட முதல் பேரையே தளத்துக்கும் வெச்சிருந்தாங்க. நம்ம ஊர்லயும் பிரேசில்லயும் அப்ப அது சக்கைப்போடு போட்டுச்சு. ஒருத்தருக்கொருத்தர் 'ஸ்க்ராப்' எழுதுவோம். நெருங்கின சிநேகிதி 'டெஸ்டிமோனியல்' எழுதித் தருவா.

என் ரூம்மேட் எனக்குப் பன்னிரண்டு வரியில ஒண்ணு எழுதினா. மனசு சரியில்லாதப்பல்லாம் போய் அதைப் படிப்பேன். அப்புறம் பேஸ்புக் வந்தது, நானும் எல்லாரோடயும் மூட்டை கட்டிக்கிட்டு அங்க போயிட்டேன். 2014 செப்டம்பர் 30-ல ஆர்குட்டை மூடினாங்க. போட்டது, எழுதினது எல்லாத்தையும் இறக்கி எடுத்துக்க 2016 செப்டம்பர் வரைக்கும் நேரமும் கொடுத்தாங்க. முழுசா ரெண்டு வருஷம். "அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்"னு நான் ரெண்டு வருஷத்தையும் ஓட்டிட்டேன். அந்தச் சிநேகிதிகூட இன்னிக்கும் பேசிட்டுத்தான் இருக்கேன். ஆனா இருபது வயசுல அவ என்னை எப்படிப் பார்த்தாங்கிற அந்தப் பன்னிரண்டு வரி போயே போச்சு. அவளுக்கும் ஞாபகம் இல்ல.

ஆர்குட் மட்டுமா? கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல மூடிடுச்சு. டிக்டாக்கை 2020 ஜூன் 29-ல இந்திய அரசு தடை பண்ணிச்சு. நம்ம நாட்டு ட்விட்டர்னு பேசப்பட்ட 'கூ' 2024-ல கடையைக் கட்டிடுச்சு. ட்விட்டரே 2023 ஜூலையில 'எக்ஸ்'னு பேரு மாத்திக்கிச்சு.

டிப்ஸ்: நீ எந்தத் தளத்துல இருந்தாலும் செட்டிங்ஸ்ல உன் தகவலை டவுன்லோடு பண்ற வசதி இருக்கான்னு பாரு. பெரிய தளங்கள்ல இருக்கும். பொங்கலுக்கு ஒரு தரம், ஆடிப்பெருக்குக்கு ஒரு தரம்னு வருஷத்துக்கு ரெண்டு முறை இறக்கி ஒரு பென் டிரைவ்ல போட்டு வை. அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் சொல்லாதே.

2. ஒரே அதிரசம், நாலு இடம்

இப்ப ஒப்பிடுற கதைக்கு வருவோம். போன தீபாவளிக்கு நான் சுட்ட அதிரசம் எண்ணெயில போட்டதுமே பிரிஞ்சு போச்சு. முதல் ஆறும் சல்லடையாகி, சட்டி முழுக்கத் துகள். அடுப்பை அணைச்சுட்டு அந்தக் கண்றாவியை ஒரு போட்டோ எடுத்தேன். இதையே எல்லா இடத்துலயும் போட்டுப் பார்த்தா என்னன்னு அப்பத்தான் தோணிச்சு.

பேஸ்புக்ல நான் இருக்கிற ஒரு சமையல் குழுவுல "எங்க தப்பு பண்ணினேன்?"னு போட்டேன். பத்தே நிமிஷத்துல விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துடுச்சு. அரிசி எவ்வளவு நேரம் உலர்த்தினே? மாவுல ஈரம் இருந்துச்சா? பாகு என்ன பதம்? கும்பகோணத்து அம்மா ஒருத்தங்க பொறுமையா எழுதினாங்க. தண்ணியில ஒரு சொட்டுப் பாகை விட்டு உருட்டிப் பார்க்கணும், தக்காளிப் பதம் வரணும், உருளாம கரைஞ்சா அதிரசம் பிரியத்தான் செய்யும். இப்ப கையில இருக்கிற மாவுல ரெண்டு கரண்டி பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைஞ்சு ராத்திரி முழுக்க மூடி வைன்னாங்க. வெச்சேன். மறுநாள் ஒண்ணுகூடப் பிரியல.

இன்ஸ்டாகிராம்ல போடப் போனப்ப ஒரு வேடிக்கை நடந்துச்சு. பிரிஞ்ச அதிரசத்தைப் போட கை வரல. ஆறுல கொஞ்சம் உருப்படியா இருந்த ஒண்ணைத் தேடி எடுத்து, பித்தளைத் தட்டுல வெச்சு, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஓட்டை தெரியாத பக்கமாத் திருப்பி எடுத்துப் போட்டேன். நாப்பத்தேழு ஹார்ட் வந்துச்சு. ரெண்டு பேர் தட்டு எங்க வாங்கினதுன்னு கேட்டாங்க. அதிரசம் பிரிஞ்சது யாருக்குமே தெரியாது. தெரியவிடாம பண்ணினது நான்தான்.

எக்ஸ்ல ரெண்டு வரி எழுதினேன். ஒருத்தர் வந்து "எங்க கொங்குப் பக்கம் இதைக் கச்சாயம்னு சொல்வோம்"னார். இன்னொருத்தர் "அது வேற, இது வேற"ன்னார். ராத்திரி வரைக்கும் முன்பின் தெரியாத ஆறு பேர் கச்சாயமா அதிரசமான்னு பட்டிமன்றம் நடத்தினாங்க. படிக்க நல்லாவே இருந்துச்சு. என் மாவை என்ன பண்றதுன்னு மட்டும் யாரும் சொல்லல.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அறுபத்து மூணு பேர் பார்த்தாங்க. ஒரு பதில்கூட இல்ல. சாயங்காலம் காலிங் பெல் அடிச்சுது. மூணாவது வீட்டு அக்கா, கையில எவர்சில்வர் டப்பா. "உன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். எங்க வீட்டுல சுட்டது இருக்கு, இந்தா."

லிங்க்ட்இன்ல மட்டும் போடல. அங்க போடணும்னா 'அதிரசம் எனக்குக் கற்றுத் தந்த ஐந்து தலைமைப் பண்புகள்'னு கட்டுரை எழுதணும்.

இந்தக் கூத்துல நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எண்ணிக்கிட்டிருந்தா உனக்கு ஏத்த தளம் எதுன்னு எந்தக் காலத்துலயும் தெரியாது. ஒண்ணு கேட்டா யார் பதில் சொல்றாங்கன்னு பாரு. தப்பானதைக் காட்ட எந்த இடத்துல உனக்குக் கூச்சம் வரலையோ, அந்த இடத்தையும் குறிச்சு வெச்சுக்க.

3. ஒவ்வொண்ணா எடை போடலாம்

பேஸ்புக்: 2004 பிப்ரவரியில ஹார்வர்டு மாணவர்களுக்குன்னு ஆரம்பிச்சது. 2006 செப்டம்பர்ல பதிமூணு வயசுக்கு மேல யார் வேணா சேரலாம்னு கதவைத் திறந்துவிட்டாங்க. உங்க வயசுக்காரங்க 'அங்கிள்ஸ் ஏரியா'ன்னு கிண்டல் பண்றது எனக்குத் தெரியும். ஆனா நீளமாத் தமிழ்ல எழுத, கீழே பத்துப் பேர் கூடிப் பேச, அந்தப் பேச்சை மூணு வருஷம் கழிச்சுத் தேடி எடுக்க இதைவிட வசதியான இடம் நான் பார்க்கல. இதோட பலம் குழுக்கள்தான். முகப்புல ஓடுற நியூஸ் ஃபீட் விளம்பரமும் வம்பும் கலந்த கதம்பம், அதுல இறங்கினா பொழுது போனதே தெரியாது. நான் குழுவுக்கு நேரா உள்ள போய், வேலை முடிஞ்சதும் வெளியே வந்துடுவேன்.

இன்ஸ்டாகிராம்: 2010 அக்டோபர்ல வந்தது. 2012-ல பேஸ்புக் இதை நூறு கோடி டாலருக்கு வாங்கிச்சு. டிக்டாக் போன அடுத்த மாசமே நம்ம ஊருக்கு ரீல்ஸ் வந்துடுச்சு. கண்ணால பார்த்துக் கத்துக்கிற எதுக்கும் இது நல்ல இடம். ஆரி வொர்க், கோலம், கேக் அலங்காரம்னு வீட்டுல இருந்தே தொழில் பண்றவங்களுக்கு இதுதான் ஷோகேஸ். ஆனா பழைய விஷயத்தைத் தேடி எடுக்கிறது கஷ்டம், படத்துக்குக் கீழே எழுதுற லிங்கை அமுக்கினாலும் திறக்காது. முக்கியமா, மத்தவங்களோட ஓட்டை தெரியாத பக்கத்தை மட்டுமே நாள் முழுக்கப் பார்த்தா, நம்ம அதிரசம் மட்டும்தான் பிரியுதுன்னு தோண ஆரம்பிச்சுடும்.

வாட்ஸ்அப்: இதைச் சமூக வலைத்தளம்னு சொல்லலாமான்னு கேட்பே. அம்மா, சித்தி, ஆபீஸ், அபார்ட்மென்ட்னு நம்ம சமூகமே அதுக்குள்ளதான் இருக்கு, அப்புறம் வேற என்னன்னு சொல்றது? 2009-ல ஆரம்பிச்சு, 2014-ல இதுவும் பேஸ்புக் கைக்குப் போச்சு. நீ அனுப்புற செய்தியை நீயும் வாங்குறவரும் மட்டும் படிக்கிற மாதிரி பூட்டு 2016-ல வந்தது. குறை என்னன்னா, இங்க உன் போன் நம்பர்தான் உன் முகவரி. ஆயிரம் பேர் இருக்கிற குழுவுல சேர்ந்தா ஆயிரம் பேர்கிட்ட நம்பர் போகும். அப்புறம் அந்த ஃபார்வர்டு. ஒரு செய்தி மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா, அது பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம். இந்தியாவுல புரளியை நம்பி அப்பாவிங்களை அடிச்சே கொன்ன சம்பவங்களுக்கு அப்புறம்தான், 2018-ல ஒரு செய்தியை ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு இங்க கட்டுப்பாடு வந்துச்சு. அந்த ரெட்டை அம்பைப் பார்த்தா உன் கட்டைவிரலைக் கொஞ்சம் நிறுத்து.

எக்ஸ்: 2006-ல ட்விட்டரா பொறந்தது. ஆரம்ப காலத்துல 140 எழுத்துதான். எஸ்.எம்.எஸ்.ல 160 எழுத்து அடங்கும், அதுல பேருக்குன்னு 20-ஐ ஒதுக்கி வெச்சாங்க. 2017 நவம்பர்ல 280 ஆச்சு. நமக்கு இதுல ஒரு சின்ன நஷ்டம் உண்டு. 'வணக்கம்'னா நமக்கு அஞ்சு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு. புள்ளியையும் கொம்பையும் காலையும் அது தனித்தனியா எண்ணும். அதனால தமிழ்ல எழுதினா இடம் சீக்கிரம் தீர்ந்துடும். அதுவும் ஒருவகையில நல்லதுதான், சுருக்கமா எழுதப் பழகலாம். மழை, ரயில், கரண்டு, கிரிக்கெட்னு இந்த நிமிஷம் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க இதை அடிச்சுக்க ஆள் இல்ல. அரசுத் துறைகளோட கணக்குகளும் இருக்கு, புகாரைப் பொதுவுல எழுதலாம். ஆனா காசு கட்டினா நீல டிக் கிடைச்சுடுது. அதனால டிக்கைப் பார்த்து ஆளை நம்பாதே. சண்டையில இறங்கினா தூக்கம் போயிடும்.

லிங்க்ட்இன்: இதுக்கு வயசு பேஸ்புக்கைவிட ஜாஸ்தி. 2003 மே மாசமே வந்துடுச்சு. 2016-ல மைக்ரோசாஃப்ட் வாங்கினதா அறிவிச்சாங்க. வேலை தேடுறப்ப மட்டும் ஓடிப் போற இடமா இதை வெச்சுக்காதே. கூட வேலை பார்த்தவங்க கம்பெனி மாறினாலும் தொடர்பு அறுந்து போகாம இருக்கும், அதுதான் இதோட லாபம். ஒரு எச்சரிக்கை: யாரோட பக்கத்தை நீ எட்டிப் பார்த்தாலும் நீ பார்த்தது அவங்களுக்குத் தெரிய வாய்ப்பிருக்கு. பழைய மேனேஜர் இப்ப எங்க இருக்கார்னு பார்க்கப் போறதுக்கு முன்னாடி 'பிரைவேட் மோடு' போட்டுக்க. வேலை தேடுறேன்னு அறிவிக்கிற வசதியில, ஆள் எடுக்கிறவங்களுக்கு மட்டும் காட்டுற மாதிரியும் வைக்கலாம். அப்படி வெச்சாலும் உங்க ஆபீஸுக்குத் தெரியவே தெரியாதுன்னு அவங்க உத்தரவாதம் தர்றதில்ல.

டெலிகிராம்: டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவங்க போன்ல இது கண்டிப்பா இருக்கும். பெரிய பெரிய பைல் அனுப்பலாம், ஒரு குழுவுல ரெண்டு லட்சம் பேர் வரைக்கும் இருக்கலாம், போன் நம்பரை மறைச்சுப் பேர் மட்டும் காட்டலாம். நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: இங்க சாதாரண அரட்டைக்கு வாட்ஸ்அப் மாதிரி பூட்டு கிடையாது. 'சீக்ரெட் சாட்'னு தனியாத் திறந்தாத்தான் உண்டு.

யூடியூப், ஷேர்சாட், பின்டரெஸ்ட் எல்லாம் பார்க்கவும் ரசிக்கவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒப்பிடுறது நாம பேசிப் பழகுற இடங்களை, அதனால அதையெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டேன்.

இன்னொண்ணையும் கவனிச்சிருப்பே. பேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணும் கடை வேற, முதலாளி ஒருத்தர். 2021 அக்டோபர் 4 ராத்திரி மூணும் ஒண்ணாப் படுத்துடுச்சு, எழுந்திரிக்கச் சுமார் ஆறு மணி நேரம் ஆச்சு. வீட்டு ஆளுங்க நம்பரை ஒரு டைரியில எழுதி வை. நம்ம அம்மா காலண்டருக்குப் பின்னாடி எழுதி வெச்சிருக்கிற மாதிரி.

4. ஒரு வாரக் கணக்கு

இத்தனையும் கேட்டுட்டு என் தங்கச்சி, "அப்ப எதுன்னு சொல்லேன்"னு சலிச்சுக்கிட்டா. நான் சொல்ற பதில் எனக்குப் பொருந்தும், உனக்கு எப்படிப் பொருந்தும்? பிளவுஸ் அளவு மாதிரிதான் இதுவும். அதனால அவளை ஒரு வாரம் கணக்கு எழுதச் சொன்னேன். நீயும் செஞ்சு பாரு.

முதல்ல எல்லா ஆப்போட நோட்டிபிகேஷனையும் நிறுத்து. வாட்ஸ்அப் கால் மட்டும் இருக்கட்டும். அப்பத்தான் அது கூப்பிட்டு நீ போறியா, நீயா போறியான்னு தெரியும். அப்புறம் ஒரு சின்ன நோட்டுல ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்விக்குப் பதில் எழுது.

எதுக்காகத் திறந்தேன்? 'சும்மா'ன்னா சும்மான்னே எழுது, வெட்கப்படாதே.

யார்கிட்டயாவது ஏதாவது கேட்டேனா? பதில் வந்துச்சா? நான் யாருக்காவது பதில் சொன்னேனா?

மூடினப்ப மனசு எப்படி இருந்துச்சு? ஒரே வார்த்தை போதும். 'லேசா', 'எரிச்சலா', 'பசி'ன்னு எது வந்தாலும் எழுது. என் தங்கச்சி ஒரு ராத்திரி 'பசி'ன்னுதான் எழுதியிருந்தா. பத்தரை மணிக்குப் பிரியாணி ரீல்ஸ் பார்த்தா பின்ன எப்படி இருக்கும்?

ஏழு நாள் கழிச்சுப் புரட்டிப் பாரு. 'சும்மா' நிறைஞ்ச பக்கம் எதுவோ, அந்த ஆப்பைப் போன்ல இருந்து எடுத்துடு. கணக்கை அழிக்க வேணாம், ஆப்பை மட்டும் எடு. தேவைப்பட்டா லேப்டாப்ல பார்த்துக்கலாம். லேப்டாப்பைத் தூக்கிட்டுப் படுக்கையில புரள மாட்டே. ரெண்டாவது கேள்விக்கு எந்தப் பக்கத்துல நிறைய பதில் இருக்கோ, அதுதான் உன் இடம்.

5. பூட்டாம போகாதே

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதையெல்லாம் அரை மணி நேரம் உட்கார்ந்து செஞ்சுடு. பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி தாழ்ப்பாள் சரியா இருக்கான்னு பார்க்கிற மாதிரி.

* வாட்ஸ்அப்ல ஆறு இலக்க 'டூ ஸ்டெப்' பின் நம்பரைப் போடு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, "தப்பா உங்க நம்பருக்கு ஓ.டி.பி. வந்துடுச்சு, சொல்லுங்களேன்"னு ஒருத்தன் கெஞ்சினதும் இரக்கப்பட்டுச் சொல்லிட்டாங்க. அடுத்த பத்து நிமிஷத்துல அவங்க பேர்ல ஊரெல்லாம் கடன் கேட்டுச் செய்தி போச்சு. ஓ.டி.பி. விஷயத்துல இரக்கம் கூடாது.
* அதே வாட்ஸ்அப்ல 'லிங்க்டு டிவைசஸ்'ல போய், உன் கணக்கு வேற எந்த கம்ப்யூட்டர்ல திறந்திருக்குன்னு மாசம் ஒரு தரம் பாரு. ஆபீஸ் சிஸ்டத்துல திறந்து மறந்திருப்பே.
* வாட்ஸ்அப் குழுக்கள்ல உன்னை யார் சேர்க்கலாம்ங்கிறதை 'என் கான்டாக்ட்ஸ்'னு மாத்து. பங்குச் சந்தையில பணம் கொட்டும்னு சொல்ற குழுக்கள் பாதி இதுலயே நின்னுடும்.
* பேஸ்புக்ல உன் நண்பர்கள் பட்டியலை நீ மட்டும் பார்க்கிற மாதிரி வை. உன் படத்தை எடுத்துப் போலிக் கணக்கு தொடங்குறவன் முதல்ல தேடுறது அந்தப் பட்டியலைத்தான். இந்தியாவுல 2020-ல 'புரொபைல் லாக்' வந்துச்சு, அதையும் போட்டுக்க.
* உன்னை யாராவது டேக் பண்ணினா நீ சரின்னு சொன்னப்புறம் உன் பக்கத்துல வர்ற மாதிரி வை. சித்தப்பா கல்யாண ஆல்பம் போடுறப்ப இதோட அருமை தெரியும்.
* இன்ஸ்டாவுல சொந்தக் கணக்கை பிரைவேட்டா வை, தொழிலுக்குத் தனிக் கணக்கு. ஸ்டோரியில வீட்டு விஷயத்தை 'க்ளோஸ் ஃபிரெண்ட்ஸ்'க்கு மட்டும் போடு. ஊருக்குப் போன படத்தை ஊர்ல இருந்து திரும்பி வந்தப்புறம் போடு.
* படத்துல பார்த்த சேலைக்கு முன்பணம் அனுப்புறதுக்கு முன்னாடி, கமென்ட் எழுதுற வசதியை மூடி வெச்சிருக்காங்களான்னு பாரு. நான் ஒரு தரம் எண்ணூறு ரூபா அனுப்பி, வந்த பார்சல்ல ஜன்னல் திரைச்சீலை மாதிரி ஒண்ணைப் பார்த்தேன். கமென்ட் பகுதி மூடியிருந்ததை அப்புறம்தான் கவனிச்சேன்.
* வேலை தர்றேன்னு சொல்லிட்டுப் பதிவுக் கட்டணம் கேட்டா, எந்தத் தளமா இருந்தாலும் அது மோசடிதான்.

பணம் போயிடுச்சுன்னா அழுதுட்டு உட்கார்ந்திருக்காதே. உடனே 1930-க்கு அடி. சைபர் மோசடிக்குன்னே இருக்கிற அரசு நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றியோ, அந்தப் பணத்தை வழியிலேயே மடக்க அவ்வளவு வாய்ப்பு.

இன்னொண்ணையும் அக்காவா சொல்லித்தான் ஆகணும். அந்தரங்கப் படத்தை வெச்சு யாராவது மிரட்டினா தப்பு உன்மேல இல்ல. காசு அனுப்பாதே, செய்திகளை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடு, 1930-ல சொல்லு. பதினெட்டு வயசு தாண்டினவங்களுக்காக 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.'ன்னு ஒரு இலவசச் சேவை 2021-ல இருந்து இருக்கு. படத்தை யாருக்கும் அனுப்ப வேணாம். உன் போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண்ணை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் அதுல சேர்ந்திருக்கிற தளங்களுக்குக் கொடுக்கும். அதே படத்தை யாராவது அங்க ஏத்தினா கண்டுபிடிச்சுத் தடுக்க அது உதவும். எல்லாத்துக்கும் முன்னாடி வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடு. அக்கா இருந்தா அக்காகிட்ட.

6. சரி, எனக்குப் பிடிச்சது எது?

பேஸ்புக்தான். நீ சிரிப்பேன்னு தெரியும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி மாடியில வெச்ச கத்தரிச் செடி இலையெல்லாம் சுருண்டு போச்சு. மாடித்தோட்டக் குழுவுல படம் போட்டேன். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருத்தர், "இலையைத் திருப்பிப் பின்பக்கம் காட்டுங்கம்மா"ன்னார். காட்டினேன். பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா இலைக்கு அடியில அடிக்கச் சொன்னார். "செடியில எறும்பு ஏறுதான்னு பாருங்க, எறும்பை விரட்டாம மாவுப்பூச்சி போகாது"ன்னும் சொன்னார். செடி பிழைச்சுது. இன்னொருத்தர் வேலூர் முள்ளு கத்தரி விதையைப் பேப்பர்ல மடிச்சுத் தபால்ல அனுப்பிவெச்சார். நான் அனுப்பினது தபால் தலைக்கான காசு மட்டும்.

போன மாசம் அதே குழுவுல ஒரு புதுப் பொண்ணு சுருண்ட இலைப் படத்தைப் போட்டா. நான் பழைய பதிவைத் தேடி எடுத்து அவகிட்ட நீட்டிட்டு, "இலையைத் திருப்பிக் காட்டும்மா"ன்னு எழுதினேன். எனக்கு இந்த இடம் பிடிக்கிறதுக்குக் காரணமே அந்த ஒரு வரிதான். கேட்கப் போன இடத்துல இன்னிக்கு என்னாலயும் ஒருத்தருக்குப் பதில் சொல்ல முடியுது.

என் தங்கச்சி ஒரு வாரம் ஒழுங்கா நோட்டு எழுதினா. கடைசியில வாட்ஸ்அப்பும் லிங்க்ட்இன்னும் வெச்சுக்கிட்டா. இன்ஸ்டாவை லேப்டாப்புக்கு மாத்தினா. பேஸ்புக் கணக்கை அடியோட அழிச்சுட்டா. நான் இவ்வளவு புகழ்ந்தும்! அவ நோட்டுல அந்தப் பக்கம் முழுக்க 'சும்மா'தான் இருந்துச்சாம். நான் ஒண்ணும் சொல்லல, அளவெடுத்தது அவதானே.

ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி, நான் சொன்ன மாதிரி எல்லாத்தையும் இறக்கிட்டா. நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு அதுல இருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா. 2017 மே மாசம், அவ பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு மெசஞ்சர்ல நான் எழுதினது: "மார்க் கிடக்குது விடு. சோறு சாப்பிட்டியா?"

நான் எழுதினதே எனக்கு ஞாபகம் இல்ல. அவகிட்ட பத்திரமா இருக்கு.